இரண்டாவது ஆள் வேண்டும்: ஸ்போர்ட்ஸ் காரை இணைய ஏலத்தில் விற்கக் கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

செந்தூலில் எங்கள் வீட்டருகே இருக்கும் அம்மன் கோயிலில் ஆண்டுத் திருவிழா முடிந்த மறுநாள் ஏலம் நடக்கும். அம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழம் ஓர் ஆண்டு எழுபது வெள்ளிக்கு (ரிங்கிட்) படிந்தது. மறு ஆண்டு அதே அளவுப் பழம் ஆயிரத்து இருநூறைத் தாண்டியது. அந்த ஆண்டு, புதிதாகக் கடை திறந்த இரண்டு குடும்பத்தார் எதிரெதிரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கை தூக்கினால் போதும், எதிர்ப்பாயில் இருந்த அம்மா தன் கணவரின் முழங்கையை இடிப்பார். வேறு காரணம் எதுவும் இல்லை.

கார் ஏலமும் இதே கணக்குதான். ஒருவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும், எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாவிட்டால் விலை நகராது. அந்த இரண்டாவது ஆள் உங்கள் காரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கைப்பேசித் திரையைப் பார்த்தே பல்லாயிரம் வெள்ளியை வைக்க வேண்டியவர் அவர். அவர் மனத்தில் எழும் ஒவ்வொரு சந்தேகத்தையும் உங்கள் காரின் விலையிலிருந்துதான் கழிப்பார். கீழே சொல்லியிருக்கும் வேலைகளில் பெரும்பாலானவை அந்தச் சந்தேகங்களைத் தீர்ப்பதற்கானவை. நான் இதுவரை இரண்டு கார்களை இப்படி விற்றிருக்கிறேன். முதல் முறை சறுக்கினேன். அதையும் சொல்கிறேன்.

எந்த ஏலம்?

இங்கே 'லேலோங்' (மலாயில் ஏலம்) என்றதும் பலருக்கு வங்கி பறிமுதல் செய்த கார்கள்தான் நினைவுக்கு வரும். அது வேறு சங்கதி. சொந்தக் காரை விற்பவருக்கு இரண்டு வகை ஏலங்கள் உள்ளன.

முதல் வகை, வியாபாரிகள் மட்டும் கேட்பது. 2015-இல் மலேசியாவில் தொடங்கிய கார்சம் இந்த முறையில்தான் பெயர் எடுத்தது. காரை அவர்களே பரிசோதித்து இணையத்தில் போடுவார்கள். பழைய கார் வியாபாரிகள் கேட்பார்கள். வேகமானது, தலைவலி குறைவு. மைவி, பெர்சோனா போன்ற அன்றாடக் கார்களை விற்க இதைவிடச் சுலபமான வழி தெரியவில்லை. ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான் இது அவ்வளவாகப் பொருந்தாது. வாங்கும் வியாபாரி தன் லாபத்தை விட்டுவிட்டுத்தான் கேட்பார். அதற்கு மேல், மூன்று மாதம் கடை வாசலில் நின்றுவிடுமோ என்ற பயத்துக்கும் ஒரு தொகையைக் கழிப்பார். ஆனாலும் போய் ஒரு விலை கேட்டு வாருங்கள். அந்த எண் பின்னால் உதவும்.

இரண்டாம் வகை, கார்ப் பிரியர்களே நேரடியாகக் கேட்பது. அமெரிக்காவில் 2007-இல் தொடங்கிய பிரிங் எ டிரெய்லர், 2020-இல் வந்த கார்ஸ் அண்ட் பிட்ஸ், பிரிட்டனில் 2019-இல் தொடங்கிய கலெக்டிங் கார்ஸ் ஆகியவை இந்த முறையை வளர்த்தன. ஏராளமான படங்கள், விரிவான விவரம், சில நாள் கெடு, யார் வேண்டுமானாலும் வெளிப்படையாகக் கேள்வி கேட்கும் வசதி ஆகியவை இதன் அடையாளங்கள். கெடு முடியும் கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாகவே நீளும். 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று கோயிலில் நிறுத்தி நிறுத்திச் சொல்வதன் இணைய வடிவம் இது. இங்கேயும், உரிமையாளர் குழுக்களில் கெடு வைத்துக் கேட்பு வாங்கி விற்கிறவர்கள் உண்டு. மேடை எதுவானாலும் சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கட்டணம் விற்பவருக்கா, வாங்குபவருக்கா? ஏலத்தில் வென்றவர் பின்வாங்கினால் என்ன ஆகும்? அடிவிலை, அதாவது இதற்குக் குறைந்தால் விற்க மாட்டேன் என்ற எல்லை, வைக்கலாமா?

ஓர் எச்சரிக்கை. அந்த வெளிநாட்டுத் தளங்களில் இதே கார் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். நம் ஊரில் இறக்குமதி வரி 30 விழுக்காடு வரை, கலால் வரி 105 விழுக்காடு வரை, அதற்குமேல் விற்பனை வரி 10 விழுக்காடு. அங்குள்ள டாலரை வெள்ளிக்கு மாற்றினால் வரும் எண்ணுக்கும் இங்குள்ள சந்தைக்கும் சம்பந்தமே இருக்காது. அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது, காரை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதை.

மறுவிற்பனை மதிப்பை எது தீர்மானிக்கிறது?

குதிரைத்திறன், நிறம், இருக்கைத் தோல் என்று பேசிக்கொண்டே போகலாம். மலேசியாவில் முதலில் பார்க்க வேண்டியது சாலை வரி. அது எஞ்சினின் சி.சி. அளவைப் பொறுத்தது, 2,500-ஐத் தாண்டினால் படியேறும், 3,000-ஐத் தாண்டினால் பறக்கும். தனியார் பெயரில் தீபகற்ப மலேசியாவில் பதிந்த காருக்கு 2,501 முதல் 3,000 சி.சி. வரை 880 வெள்ளியும், 2,500-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சி.சி.க்கும் 2.50 வெள்ளியும் கட்ட வேண்டும். 3,000-க்கு மேல் 2,130 வெள்ளியும், கூடுதல் சி.சி. ஒவ்வொன்றுக்கும் 4.50 வெள்ளியும்.

இதை ஒரே காரின் இரண்டு பிறவிகளில் வைத்துப் பாருங்கள். போர்ஷே 911 கரேரா எஸ், 991 எனப்படும் தலைமுறையின் முதல் பாதியில் 3.8 லிட்டர் எஞ்சினோடு வந்தது. ஆண்டுக்குச் சாலை வரி 5,730 வெள்ளி. 2015-இல் அதே தலைமுறைக்கு 2,981 சி.சி. டர்போ எஞ்சின் வந்தது. வரி 2,082 வெள்ளி 50 காசாக இறங்கிவிட்டது. ஐந்தாண்டு வைத்திருந்தால் பதினெட்டாயிரம் வெள்ளிக்கு மேல் வித்தியாசம். வாங்குபவர் இதைக் கணக்குப் போடாமல் கேட்கவே மாட்டார். 3,799 சி.சி. கொண்ட நிஸான் ஜி.டி.-ஆர் கார்களுக்கும் இதே தொல்லை. மறுபுறம், 1,618 சி.சி. கொண்ட டொயோட்டா ஜி.ஆர். யாரிஸுக்கு 207 வெள்ளி 20 காசுதான். ஹோண்டா சிவிக் டைப் ஆர் 378 வெள்ளியில் முடிந்துவிடும். இந்தச் சிறிய எஞ்சின் கார்கள் இங்கே விலை இறங்காமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய எஞ்சின்காரர்கள் இதைப் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். டர்போ இல்லாத எஞ்சின் எட்டாயிரம் சுற்றை நெருங்கும்போது எழுப்பும் ஒலிக்காகவே வரியைக் கட்டத் தயாராக இருப்பவர்கள் உண்டு. உங்கள் காரின் விவரத்தை அப்படிப்பட்ட ஒருவருக்காக எழுதுங்கள். எல்லோருக்கும் பிடிக்கும்படி எழுதினால் அவரும் கண்டுகொள்ளாமல் போய்விடுவார்.

அடுத்தது, காருக்கு உள்ள இரண்டு பிறந்த நாள். ரிகோன் கார், அதாவது வெளிநாட்டிலிருந்து பழைய காராக இறக்குமதியானது என்றால், ஜப்பானிலோ பிரிட்டனிலோ தயாரான ஆண்டு ஒன்று, இங்கே பதிவான ஆண்டு இன்னொன்று. இரண்டையும் விவரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பதிவு ஆண்டை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டுத் தயாரிப்பு ஆண்டை அடியில் ஒளித்தால், மூன்றாவது கேள்வியாக அதுதான் வரும். அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். அதிகாரபூர்வ விற்பனையாளர் வழியாக வந்து, அங்கேயே சர்வீஸ் செய்த காருக்குத் தனி மவுசு உண்டு. கைமுறை கியருக்கும் அப்படியே.

ஜப்பானிலிருந்து வந்த ரிகோன் என்றால், அங்கே ஏலத்தில் எடுத்தபோது கொடுத்த பரிசோதனைத் தாளைத் தேடி எடுங்கள். காரின் வரைபடத்தின் மேல் சிறு எழுத்துகள் இருக்கும். 'ஏ' என்றால் கீறல், 'யு' என்றால் அமுங்கல், 'டபிள்யூ' என்றால் தட்டிச் சீர் செய்த அலை, இரட்டை 'எக்ஸ்' என்றால் மாற்றப்பட்ட பகுதி. மூலையில் மொத்தத் தரம் 4.5 என்றோ 4 என்றோ இருக்கும். 'ஆர்' என்று இருந்தால் விபத்துக்குப் பின் சரிசெய்த கார் என்று பொருள். அங்கே ஏலத்துக்கு வந்தபோது கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதற்கும் அந்தத் தாளே சாட்சி. அது இல்லாத ரிகோன் காரின் மைலேஜை இன்று யாரும் வாய்ச்சொல்லை வைத்து நம்புவதில்லை.

இன்னொன்று, நேரம். ஜப்பானிய யென் சரியும் காலத்தில் ரிகோன் கார்கள் மலிவாக வந்து இறங்கும்; உங்கள் பழைய கார் அவற்றோடு போட்டியிட வேண்டும். ஜனவரி முதல் தேதி எல்லாக் கார்களுக்கும் ஒரு வயது கூடிவிடும். விற்பதென்று முடிவு செய்தால் டிசம்பர் வரை இழுக்காதீர்கள்.

காகிதங்கள்

இந்தப் பகுதி சலிப்பூட்டும். ஆனால் ஏலம் முடிந்தபின் கைகலப்பு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா? 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் எடுத்த கடன் என்றால், அது தீரும்வரை கார் முழுதாக உங்களுடையது இல்லை. வங்கியிடம் தீர்வுத் தொகைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு கெடு தேதி இருக்கும்; ஏலம் அதற்குள் முடிய வேண்டும். கடனைக் கட்டியபின் வங்கி தன் உரிமைக்கோரலை நீக்கினால்தான் பெயர் மாற்றம் நடக்கும். 'மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன், காரைக் கொடுங்கள்' என்று சிலர் வருவார்கள். சம்போங் பாயார் என்று சொல்வார்களே, அது. வங்கிக்குத் தெரியாமல் இப்படிக் கைமாற்றுவது சட்டவிரோதம். அவர் நான்கு மாதம் கட்டிவிட்டு மறைந்தால், வங்கி உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

சம்மன்களை முன்பே தீர்த்துவிடுங்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் சம்மன்கள் மைஜேபிஜே செயலியில் தெரியும். போலீஸ் சம்மன்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். எண் பலகை உங்களுக்குப் பிரியமானது என்றால், பெயர் மாற்றத்துக்கு முன்பே அதை உங்களுடைய வேறொரு காருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜே.பி.ஜே.யின் இணைய ஏலத்தில் போட்டி போட்டு எடுத்த எண்ணைக் காரோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமில் பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனை. எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் கிரானில் (காரின் உரிமைச் சான்றிதழ்) உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். கண்ணாடிக் கறுப்புத்தாளில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும். புகைக்குழாயை மாற்றியிருந்தால் பழையதைத் திரும்பப் பொருத்திவிட்டுப் போங்கள்.

காரைத் தயார் செய்வது

ஏலம் கேட்பவர்களில் பலர் மாற்றம் செய்யாத காரைத்தான் விரும்புகிறார்கள். நீங்கள் பதினைந்தாயிரம் செலவழித்துப் போட்ட சக்கரங்களுக்கு அவர்கள் ஐந்தாயிரம்கூடச் சேர்த்துத் தர மாட்டார்கள். பழைய சக்கரங்கள், ஸ்பிரிங்குகள், புகைக்குழாய் எல்லாம் வீட்டுப் பின்கட்டில் கிடந்தால் துடைத்து, வரிசையாக வைத்துப் படம் எடுங்கள். காரோடு அவையும் வரும் என்பது பெரிய ஆறுதல். எஞ்சின் கணினியில் கைவைத்திருந்தால் அதையும் எழுதுங்கள், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெரிய பழுதைச் சரிசெய்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா? ஜாலான் ஈப்போவில் என் காரைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் இதைக் கேட்டேன். "அண்ணே, எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சரிசெய்துவிடுங்கள். பெயின்ட் கீறலாக இருந்தால் விட்டுவிடுங்கள். புதிதாக அடித்த பெயின்ட்டைப் பார்த்தால் எதையோ மறைத்துவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்கள்" என்றார். இன்றுவரை இதைவிட நல்ல அறிவுரை எனக்குக் கிடைக்கவில்லை. ஒரிஜினல் பெயின்ட் என்று சொல்ல வேண்டுமானால், பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை ஒவ்வொரு பகுதியிலும் வைத்துப் படம் எடுங்கள். எல்லாமே நூறிலிருந்து நூற்றைம்பது மைக்ரானுக்குள் இருந்தால் அந்தப் படங்களே பேசும்.

படங்கள்

காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை ஆறே முக்காலுக்கு எடுங்கள். நண்பகல் வெயிலில் நம் ஊரில் எந்தக் காரும் வெளுத்துப் போய்த் தெரியும். புத்ராஜெயாவின் அகன்ற சாலைகள் கார்ப் படங்களுக்குப் பேர்போனவை. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் பல மாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளம் போதும். அழகான படங்கள் பத்து இருந்தால் போதும். மீதி நூறும் ஆவணங்களாக இருக்க வேண்டும். கதவின் கீழ் விளிம்பு, ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க ஓரம், பிரேக் தட்டுகள், காரின் அடிப்பாகம், முன் பம்பரின் அடியுதடு. நம் ஊர் வேகத்தடைகளில் தாழ்வான எந்தக் காரின் அடியுதடும் சிராய்க்காமல் தப்புவதில்லை. அதைப் படத்தில் காட்டாதவரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. நான்கு டயருக்கும் அதைத் தனித்தனியே எடுங்கள். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்து அதன் அடிமுனையையும் எடுங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கம் கார்கள் முங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள், அந்த முனையில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை முதல் முறை முடுக்கும் காணொளி ஒன்றும் வேண்டும்.

என் முதல் சறுக்கல் இங்கேதான் நடந்தது. என் டைப் ஆர் காரின் இடப்பக்கப் பின்சக்கரத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சிராய்ப்பு. மற்ற மூன்று சக்கரங்களைப் படம் எடுத்துப் போட்டேன். நான்காவதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஒருவர் அதைக் கேட்டார். வேலை இருந்ததால் மறுநாள் இரவுதான் பதில் போட்டேன். அந்த ஒன்றரை நாளும் ஒரு கேட்பும் வரவில்லை. சக்கரத்தைச் சீர்செய்ய முந்நூறு வெள்ளிகூட ஆகாது. ஆனால் அவர்கள் கணக்கில் அந்தச் சக்கரம் மொத்தக் காரின் நேர்மையையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது காரை விற்றபோது, ஒவ்வொரு சிராய்ப்பின் பக்கத்திலும் இருபது காசு நாணயம் ஒன்றை ஒட்டிப் படம் எடுத்தேன். 'இவர் நாணயக்காரர்' என்று ஒருவர் அதன் கீழே எழுதியிருந்தார். சிலேடை என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அடிவிலை

வியாபாரி சொன்ன விலை நினைவிருக்கிறதா? அதற்குச் சற்று மேலே அடிவிலையை வையுங்கள். நீங்கள் கனவு காணும் விலையை அடிவிலையாக வைத்தால் முதல் நாளே கூட்டம் கலைந்துவிடும். அடிவிலையே இல்லாமல் விடுவது வெளிநாடுகளில் நல்ல உத்தி. நம் சந்தை சிறியது, அந்த வாரம் இரண்டாவது ஆள் ஊரில் இல்லாமல் போகலாம். முதல் முறை விற்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மைத்துனரை விட்டு விலை ஏற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். அது மோசடி, தவிர, மைத்துனரே ஏலத்தில் ஜெயித்துவிட்டால் காரை எங்கே கொண்டுபோய் விற்பது?

கெடு முடியும் நேரத்தை வார நாள் இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு வையுங்கள். தைப்பூச வாரம், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகியவற்றைத் தவிருங்கள். ஏலம் நடக்கும் நாட்களில் எந்தக் கேள்விக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். செப்பாங் கார்ப் பந்தய ஓடுதளத்தில் ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஓட்டியிருந்தால் எத்தனை முறை, பிறகு என்னென்ன மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.

கடைசி நிமிடங்கள் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. என் இரண்டாவது ஏலத்தின்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நொடி மீதி இருக்கையில் ஒருவர் கேட்டார். நேரம் இரண்டு நிமிடமானது. பத்து நொடி இருக்கையில் இன்னொருவர். இப்படியே பதினேழு நிமிடம். தே தாரிக்கின் மேல் ஆடை படிந்து, அதன்மேல் ஓர் ஈயும் உட்கார்ந்துவிட்டது. விற்பவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. கைப்பேசியின் மின்னூட்டம் தீராமல் பார்த்துக்கொள்ளலாம்.

பணமும் சாவியும்

வென்றவரிடம் அன்றே முன்பணம் வாங்கி எழுத்தில் பதியுங்கள். அவர் கடன் வாங்குகிறார் என்றால், வங்கி புஸ்பாகோமில் கடனுக்கான பி7 பரிசோதனை கேட்கும். சில நாட்கள் பிடிக்கும். வங்கி ஏலத்தில் படிந்த விலைக்குக் கடன் தராது, தன் மதிப்பீட்டுக்குத்தான் தரும். இடைவெளியை அவர் ரொக்கமாகக் கட்ட முடியுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்க விரும்பினால் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். பணம் அனுப்பியதாக அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் வந்து சேர்ந்ததை நீங்களே பார்த்த பின்தான் கிரானும் சாவியும். வங்கிக் காசோலை என்றால் அவரோடு வங்கிக்கே போய், அது மெய்தானா என்று கேளுங்கள். தப்பித்தவறி நீங்கள் யாருக்காவது பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால், உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997-ஐ அழையுங்கள். அடையாள அட்டை நகல் கொடுக்கும்போது இரண்டு கோடு இழுத்து, இன்ன காரின் பெயர் மாற்றத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு முன் வாங்குபவர் தன் பெயரில் காப்புறுதி எடுக்க வேண்டும். உங்கள் காப்புறுதி அவருக்குப் போகாது. அதை ரத்து செய்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்ப வரும். இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி, அது 55 விழுக்காடுவரை இருக்கலாம், உங்களுடையது. அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம்.

சாவியைக் கொடுக்கும் முன் காரின் திரையிலிருந்து உங்கள் கைப்பேசித் தொடர்புகளையும் வீட்டு முகவரியையும் அழியுங்கள். வாசல் கதவின் ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியிலோ முன்விளக்கிலோ ஒட்டியிருக்கும் டச் அண்ட் கோ ஆர்.எஃப்.ஐ.டி. வில்லையை (சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிப்பது) கணக்கிலிருந்து நீக்குங்கள். நான் அதை மறந்துவிட்டேன். காரை விற்ற இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகாலுக்குக் கைப்பேசி ஒலித்தது. கோம்பாக் சுங்கச்சாவடியில் என் கணக்கிலிருந்து பணம் கழிந்திருந்தது. வாங்கியவர் கெந்திங் மலைக்குப் போகிறார் என்று புரிந்தது. இறங்கி வந்த பின் அவரை அழைத்துச் சொல்லலாம் என்று மறுபடியும் படுத்துக்கொண்டேன்.